அத்தான் வண்டியில் கோளாறு

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அத்தானின் லாரியைச் சங்கிலி கட்டி இழுத்து வந்தார்கள். பட்டறையில் எலெக்ட்ரிகல் வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். யாரும் சொல்லாமலே மீட்டரையும் ஸ்கேனரையும் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அவளுடைய அக்கா புருஷன். அவள் அத்தான் அத்தான் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தலை நரைத்த வெல்டர் உட்பட பட்டறையில் எல்லோருக்குமே அவர் அத்தான் ஆகிவிட்டார்.

அக்கா அவரை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. அவர் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்த ஒரு வாரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு, வேறு ஊரில் ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக் கிளம்பிவிட்டாள். அவர் வந்து வீட்டைத் திறந்தபோது பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அக்காவுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தவள் இவள். அது அத்தானுக்கும் தெரியும். இருவரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அன்றிலிருந்து அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள். எல்லாம் தன்பாட்டுக்கு நடந்தது.

"என்ன ஆச்சு அத்தான்?"

"நல்லா ஓடிட்டு இருந்துச்சு. டபக்குனு மீட்டர் முள்ளெல்லாம் படுத்துடுச்சு. டேஷ்போர்டுல இருக்கிற அத்தனை லைட்டும் எரியுது. அப்புறம் ஆஃப்."

"எங்க, ஏத்தத்துலயா?"

"ஆமா. ஏத்தத்துல."

ஸ்கேனரை மாட்டினாள். இன்ஜின் கம்ப்யூட்டர், பிரேக் கம்ப்யூட்டர், கியர் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் மற்றது என்னோடு பேசவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு கூட்டுக் குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் என்றால் இதில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் முணுமுணுத்தால் பழுது அவற்றில் இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவான கரண்டிலோ எர்த்திலோதான் என்பது அவள் கணக்கு.

ஹெட்லைட்டெல்லாம் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை கம்ப்யூட்டருக்குப் போகும் எர்த் வயரிலும் வைத்தாள். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கேபினைச் சாய்த்து டார்ச் அடித்தாள். எர்த் வயர்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து சேஸிஸில் முடுக்கியிருந்த நட்டு, விரலால் தொட்டதும் சுற்றியது.

முதல் தடவை வயர்களை இணைக்கும் ஒரு கப்ளர் சரியாகப் பூட்டாமல் இருந்தது. இரண்டாம் தடவை ஒரு ஃபியூஸ் கால் பிடிப்பில்லாமல் நின்றது. இரண்டுக்கும் ரோட்டைத்தான் குறை சொன்னாள். ஆனால் குலுங்கிக் குலுங்கிக் கழன்ற நட்டுக்கு அடியில் உரசிய கறுப்புப் பொடி இருக்கும். இங்கே பொடி இல்லை. சுற்றிலும் வருஷக்கணக்கான அழுக்கு. இந்த நட்டின் முனைகள் மட்டும் பளபளவென்று இருந்தன.

கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை.

"அத்தான், இங்க வாங்க."

அவர் வந்து நட்டைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"குலுக்கல்ல கழண்டிருக்கும்."

"ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்கு."

அவர் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"முன்னாடி ரெண்டு தடவையும் நீங்கதானா?"

"ம்."

"பிரேக் கம்ப்யூட்டருக்கும் இதே எர்த்துதான். ஓடும்போது போயிருந்தா?"

"ஓடும்போது எவன் கழட்டுவான்? ஓரங்கட்டி நிறுத்திட்டுதான் கழட்டினேன். நான் என்ன கிறுக்கனா?"

"ஏத்தத்துலன்னு சொன்னீங்க."

"ஏத்தத்துலதான் ஓரங்கட்டினேன்."

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

"எதுக்கு அத்தான்?"

"லீவு கேட்டா முதலாளி குடுக்க மாட்டாரு. வண்டி படுத்தா நான் வீட்ல இருக்கலாம். உங்க அக்கா அதைத்தானே கேட்டா? கல்யாணம் ஆனதுலேர்ந்து அதை மட்டும்தானே கேட்டா?" டீசல் எவ்வளவு போட்டேன் என்று சொல்வது போலச் சொன்னார். "நான் வீட்ல இருக்கேன்னு அவகிட்ட சொன்னியா?"

"அக்கா வரமாட்டா அத்தான்."

"தெரியும்."

"அப்புறம்?"

"இருந்து பாக்கலாம்னுதான்." டயரில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். "டிவி ஓடுது. நான் உக்காந்திருக்கேன். அவ்ளோதான்."

அவள் துருவைத் தேய்த்து எடுத்து, நட்டை முடுக்கி, மறுபடி மீட்டர் வைத்தாள். சைபருக்கு இறங்கியது. அதற்குள் லாரி முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா, இந்தச் சனியனை வித்துத் தொலைச்சிடலாமா?"

"எர்த் லூஸ். முடுக்கிட்டேன். இனிமே வராது."

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"இந்தத் தடவை வராதுங்க." அத்தானைப் பார்க்காமல் சொன்னாள். "அவருக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க."

"லீவா? வண்டி படுத்த நாளெல்லாம் லீவுதானேம்மா!" சிரித்துக்கொண்டே போய்விட்டார். மத்தியானமே லோடு ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது.

அந்த வாரம் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா குழாயை மூடினாள்.

"இப்பவா?" என்றாள்.

பிறகு, "நீ சாப்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றதும் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் அத்தான் லாங் ரூட்டை விட்டுவிட்டு ஒரு குடோனில் சேர்ந்தார். காம்பவுண்டுக்குள்ளேயே டிரெய்லர்களை இடம் மாற்றி நிறுத்தும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அக்கா வரவில்லை. மகள் மட்டும் எப்போதாவது போன் பண்ணிப் பேசுவாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா கேட்ட தையல் மெஷினை எடுத்து அனுப்ப அவள் அந்த வீட்டுக்குப் போனாள். அத்தான் சமைத்திருந்தார். உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"உப்பு போதுமா?" என்று கேட்டார்.

"போதும் அத்தான்."

உப்பே போடவில்லை. அவள் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.