சூடேறும் பேரிங்கும் முதலாளியின் உள்ளங்கையும்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அக்கா இரண்டு கிண்ணங்களை முதலில் முகத்துக்கு முகம் வைத்தாள்; பிறகு முதுகுக்கு முதுகு. பேரிங் ஜோடியை இப்படியும் வைக்கலாமாம், அப்படியும் வைக்கலாமாம். அவள் இயந்திரம் வடிவமைப்பவள். நான் பிறரைக் கேலி செய்து பிழைப்பவன். வீட்டில் யார் உருப்படி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

முதல் தொடக்கம்: 'யுகங்களின் மௌனத்தில் பால் ஸ்க்ரூ சுழன்றது, ஒரு…'

(அடித்துவிட்டேன். படித்த அக்கா, "அது சுத்தினா சத்தம் வரும்டா" என்றாள்.)

2

உலோகம் வெட்டும் இயந்திரத்தில் மேசையை முன்னும் பின்னும் நகர்த்தும் நீண்ட திருகுதண்டுதான் பால் ஸ்க்ரூ. அதன் இரு முனைகளையும் பேரிங்குகள் தாங்குகின்றன. ஓடினால் தண்டு சூடாகும், சூடானால் நீளும். ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையை நகரவிடலாம். இரண்டையும் இறுக்கினால் விறைப்பு கூடும். ஆனால் தண்டை முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்; இல்லையென்றால் நீளும் தண்டு போக இடமில்லாமல் பேரிங்குகளை நெருக்கும்.

அக்காவின் முதலாளி ஒரு கண்காட்சியில் இரண்டாம் வகையைப் பார்த்தார். முனைகளைப் பார்த்தார், இழுத்துக் கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. திரும்பியதும் விளம்பரத் தாள் அச்சாகிவிட்டது: 'இரு முனையும் இறுக்கம், வளையாத உறுதி!'* இனி இயந்திரம் தாளைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

* ஆச்சரியக்குறி முதலாளியின் சொந்தச் சரக்கு.

3

அக்கா வரைந்தது வேறு. ஒரு முனையில் முகத்துக்கு முகம் ஒரு ஜோடி, மறுமுனை நகரும். ஏன் முதுகுக்கு முதுகு இல்லை என்று கேட்டேன். என்னதான் பார்த்துப் பொருத்தினாலும் எல்லாம் இம்மி பிசகாமல் நேர்கோட்டில் அமையாதாம். முகத்துக்கு முகம் வைத்தால் அந்தச் சின்னப் பிசகைப் பொறுத்துக்கொள்ளுமாம். உடனே கணவன் மனைவியை வைத்து ஒரு பத்தி எழுதினேன்.

"டேய், பேரிங்கைப் பேரிங்கா இருக்க விடு. உனக்கு எதைப் பார்த்தாலும் கல்யாணம்தான்."

பத்தி போனது. நல்ல பத்தி.

கேலி செய்ய ஆள் தேடும் எனக்கு இவளிடம் கைவைக்க இடமே கிடைக்கவில்லை. எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று அவள் யோசிக்கிற அழகு இருக்கிறதே, அது…

(முடிக்கத் தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

4

வாங்க வருபவர்கள் முன்னால் தாளில் உள்ளபடியே ஓட்ட வேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் முடிப்பான் என்றார் முதலாளி. அக்கா முழுதாக வடிவமைத்த முதல் இயந்திரம் அது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், இழுத்துக் கட்ட வசதியில்லாத அந்தத் தண்டின் இரு முனையையும் இறுக்கி ஓட்டிக் காட்டினாள். சிறிது நேரத்தில் சத்தம் மாறியது.

"சார், பேரிங் கூடு சுடுது. நிறுத்திடலாம்."

"சூடெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றவர், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

முடிவு அ: கையை உதறி எடுக்கிறார்; அக்காவின் வரைபடம் ஏற்கப்படுகிறது. ("அவ்வளவு சுலபமா ஒத்துக்கற ஆளா அவரு?" என்றாள் அக்கா.)

முடிவு ஆ: கொப்புளத்தோடு சிரித்தே விற்றுவிடுகிறார், இயந்திரத்தை முடிக்கும் வேலை வேறு ஆளுக்குப் போகிறது. (எழுத மனம் வரவில்லை.)

ஆகவே கையை அங்கேயே விட்டிருக்கிறேன். முதலாளி இன்னும் சிரிக்கிறார். அக்கா நிறுத்தும் பொத்தானருகே நிற்கிறாள். இனி உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். தண்டு நீண்டுகொண்டே இருக்கிறது.