நித்தியக் கோளின் மகாராணி

மைதிலி தன் நாத்தனாரைக் கொல்வதற்குத் திங்கட்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார்கள்.

கத்தியும் விஷமும் தேவையில்லை. ஒரே ஒரு வசனம் போதும். அந்த வசனம்தான் வரமாட்டேன் என்றது.

விஷயம் இதுதான். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் 'வெள்ளிக்கலம்' என்றொரு விண்வெளித் தொடர் வந்தது. அட்டைப் பெட்டியில் அலுமினியத் தாள் ஒட்டிய கப்பல். மீன் வலையைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு திரிந்த வேற்றுக்கோள் மனிதர்கள். ஒரு வாரம் கப்பல் தூசி மேகத்துக்குள் போனது. கேப்டன், "எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுத்த வாரம் தொடர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு தலைமுறையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

அவர்களை இறக்கிவிடும் பொறுப்பை மைதிலியுடன் கல்லூரியில் படித்த தமிழரசு எடுத்துக்கொண்டான். பழைய இயக்குநரின் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு அறையும் ஐந்து ஆட்களுமாக உட்கார்ந்து, வெள்ளிக்கலத்தை அனிமேஷன் தொடராக இணையத்தில் விட ஆரம்பித்தான். பத்துப் பத்து நிமிடங்களாக ஆறு பாகம். எழுதியது, பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த மைதிலி. பெயர் போடும் இடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போடச் சொல்லியிருந்தாள். கணவன் நவநீதகிருஷ்ணனுக்கும் மகள் தனப்பிரியாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தெரியக் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. புதிய தொடரின் வில்லி, இரவே இல்லாத நித்தியக் கோளின் மகாராணி. அவள் நவநீதகிருஷ்ணனின் அக்கா சௌந்திரம்.

சௌந்திரத்துக்குப் புதுச்சத்திரத்தில் நாற்பதாயிரம் கோழிகள் உள்ள முட்டைப் பண்ணை. சேலம் வந்தால் தம்பி வீட்டில் கால் வைக்காமல் போகமாட்டாள். வந்ததும் நேரே சமையலறைக்குப் போவாள். குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பாள். "எப்ப வெச்சது சாமி இது?" என்பாள். மைதிலி பதில் சொல்வதற்குள், "நான் ஒன்னும் சொல்லலைங்க சாமி. சும்மா பாத்தேன்" என்பாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் மைதிலி அவளிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவை ராத்திரி படுக்கையில் வரிசையாக வரும். காலையில் ஒன்றுகூட மிஞ்சாது.

ஆகவே கதையில் மகாராணி கப்பலுக்குள் நுழைந்ததும் உணவுக் கிடங்கைத் திறந்து மோந்து பார்த்தாள். மைதிலிக்கு அவ்வளவு இனித்தது. புதிய தொடரில் கேப்டன் ஒரு பெண். இனி அவள் பார்த்துக்கொள்வாள், தன் பதினெட்டு வருடத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பாள் என்று நினைத்தாள்.

நடந்தது வேறு. மகாராணியின் வசனங்களை மைதிலி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காதில் இருந்தவற்றை இறக்கி வைத்தால் போதும். கேப்டனின் வசனங்களோ யோசித்துச் செய்தவை. செய்த மாதிரியே இருந்தன. பார்த்தவர்கள் மகாராணிக்காக உயிரை விட்டார்கள். 'ராணியம்மா ஜெயிக்கணும்' என்று கீழே எழுதினார்கள். ஒருவர், 'கேப்டனம்மா எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஏன் நிக்கிறாங்க?' என்று கேட்டிருந்தார். அந்த வரியை மைதிலி ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் படித்தாள்.

ஆறாம் பாகம் பாக்கி. கேப்டன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் மகாராணி அடங்க வேண்டும். "பழைய தொடர்ல கெட்டவங்க கடைசியில வெடிச்சுப் போவாங்க. இதுலயும் வெடிக்கணும்" என்று தமிழரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு மணி அடித்தது. மூன்று அட்டை முட்டையோடு சௌந்திரம் நின்றாள்.

"வாங்க நங்கை." கணவனின் அக்காவை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வாரேன், வாரேன். ஏஞ்சாமி, மூஞ்சி இப்பிடி வத்திக் கெடக்குது?"

முட்டையை மேசைமேல் வைத்தாள். சமையலறைக்குப் போகவில்லை. குளிர்பெட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சௌந்திரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, ஒரு விரலால் அழுத்தினாள். பச்சை முகமும் பன்னிரண்டு கைகளுமாக மகாராணி தோன்றினாள். "நான் ஒன்னும் சொல்லலைங்க சாமி. சும்மா பாத்தேன்."

"இது யாரு?" என்றாள் சௌந்திரம்.

"அது… ஏதோ கார்ட்டூனுங்க."

"கார்ட்டூனுன்னு எனக்குத் தெரியுது. பச்சையா இருக்கறா. யாருன்னு கேட்டேன்."

மைதிலி மேசைமேல் இருந்த முட்டை அட்டைகளை நேராக அடுக்கினாள்.

"நம்ம மேனேஜரு காளிதாஸ் தீவனக் குடோன்ல உக்காந்துக்கிட்டு இதப் போட்டுப் போட்டுச் சிரிக்கறான். என்னயத்தான் ரெக்கார்டு புடிச்சுட்டான்னு நான் வெளக்கமாத்த எடுத்துட்டேன். பொறவுதான் காட்டறான். அஞ்சையும் பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன். பேரு போடற எடத்துல 'மை'ங்குது. நம்ம சொந்தத்துல வேற எந்த மையி என்ற வாயப் பக்கத்துல இருந்து பாத்திருக்கறா?"

தப்பிக்க மூன்று வழிகள் இருந்தன. தெரியாது என்பது, தமிழரசுமேல் போடுவது, கதையில் வரும் ராணி சொந்தக்கார வெண்ணந்தூர்ப் பாவாயி அத்தைதான் என்று சத்தியம் செய்வது. மூன்றாவதுதான் நல்லது என்று மைதிலி முடிவு செய்வதற்குள், சௌந்திரம் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். தீவனக் கம்பெனியின் விளம்பரத் தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தது.

"மொதல்ல இது. கப்பலப் புடிக்க வந்தவ, உள்ளார வந்ததும் சாப்புட்டயான்னு கேக்க வேண்டாமா? கேக்காம நேரா கப்பலக் கேக்கறா. வளத்தவங்க என்ன நெனப்பாங்க? அப்பறம், அந்தக் கோள்ல ராத்திரியே கெடையாதாம், நாள்பூரா வெளிச்சமாம். பண்ணையில பதினாறு மணி நேரத்துக்கு மேல லைட்டுப் போட்டா கோழி ஒன்னையொன்னு கொத்திக் கொன்னு போடும். உன்ற ராணிக்குப் பண்ணை நடத்தவே தெரியல. எனக்குத் தெரியும். பாக்கறவன் என்னயல்ல ஏளனமா நெனப்பான்?"

"மாத்திர்லாமுங்க" என்றாள் மைதிலி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பச்சைக் கலரு வேண்டாம். அரக்குல போடச் சொல்லு. இப்பச் சொல்லு, என்னய எப்பிடிக் கொல்றதா இருக்கற?"

கேட்ட விதத்தில் கோபம் இல்லை. குழம்புக்கு என்ன காய் போடுவது என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"எழுத வரமாட்டேங்குதுங்க."

"எப்பிடி வரும்? அந்தக் கேப்டன் புள்ள வாயத் தொறந்தா பாடப் பொஸ்தகம் படிக்கற மாதிரி இருக்குது. எந்திரி. நான் ராணி, நீ கேப்டன். பேசு, பாக்கலாம்."

சௌந்திரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மகாராணியாவதற்கு அவள் வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மைதிலி கரண்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். கரண்டி எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

"சாப்புட்டயா சாமி?" என்றாள் மகாராணி.

"சாப்ட்டேனுங்க."

"எதிரிகிட்ட என்ன மரியாதி?"

"பழக்கமுங்க."

"சரி, போவுது. இந்தா பாரு, இந்தக் கப்பல் இனிமே எங்களுது. நல்லாத்தான் இருக்குது, குத்தஞ் சொல்ல மாட்டேன். பேருதான் ஒன்னையுங் காணோம். நானே ஒரு பேரு வெச்சர்றேன்."

"அதுக்குப் பேரு இருக்குதுங்க" என்றாள் மைதிலி.

"இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கோணும்."

"நீங்க கேட்டிருக்கோணுமுங்க."

"கேக்கறது வழக்கமில்ல. பேரு வெக்கற உரிம என்னுது."

"உரிமை உங்களுதுதானுங்க. புள்ள என்னுது."

கப்பல் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு இரண்டு பேருக்குமே அது தெரிந்தது.

பதினாறு வருடங்களுக்கு முன்னால், பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று, அத்தைதான் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிச் சௌந்திரத்தின் மடியில் வைத்தார்கள். சௌந்திரம் குனிந்து தனப்பிரியா, தனப்பிரியா, தனப்பிரியா என்றாள். எல்லோரும் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார்கள். மைதிலி ஒரு பெயர் வைத்திருந்தாள். ஐந்தாம் மாதத்திலிருந்து வைத்திருந்தாள். யாராவது கேட்பார்கள் என்று கடைசி நிமிடம்வரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நவநீதகிருஷ்ணனிடம்கூட.

சௌந்திரம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பயா?"

மைதிலி உண்மையாகவே யோசித்தாள். கேட்டிருந்தால், 'உங்க இஷ்டமுங்க நங்கை' என்று சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு, இதே கோபத்தை இதே இடத்தில் பத்திரமாக வைத்திருப்பாள். கேப்டன் ஏன் மரக்கட்டையாக நிற்கிறாள் என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதை இந்த அம்மாவிடம் ஒப்புக்கொள்வதா?

"சொல்லியிருப்பேனுங்க" என்றாள், கூசாமல்.

"என்ன பேரு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் மைதிலி எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். சௌந்திரம் கழுத்தை நீட்டி, வாய் கொஞ்சம் திறந்தபடி காத்திருந்தாள். இந்த வீட்டில் திறந்து பார்க்க முடியாத பாத்திரம் ஒன்றை அவள் முதல் தடவையாகக் கண்டிருந்தாள்.

"சொல்ல மாட்டேனுங்க."

"என்னது?"

"சொல்ல மாட்டேனுங்க நங்கை."

"அட, நான் ஒன்னுஞ் சொல்ல மாட்டேன் சாமி. தெரிஞ்சுக்கலாமுன்னுதான்."

"தெரியுதுங்க. சொல்ல மாட்டேன்."

சௌந்திரம் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "எனக்கென்ன, நீயே வெச்சுக்க" என்று வாசல்வரை போனாள். செருப்பை மாட்டினாள். "கயல்விழியா?" என்றாள். இல்லை என்று மைதிலி தலையாட்டினாள். லிஃப்ட் வந்தது. கதவு மூடும்போது, "மேகலாவா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. படியை எட்டிப் பார்த்து, "இல்லைங்க!" என்று மைதிலி கத்தினாள். இந்தக் கட்டடத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

ஆறாம் பாகத்தை அவள் அன்று சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தாள். டியூஷன் பிள்ளைகளை ஒளிவிலகல் கணக்குப் போடச் சொல்லிவிட்டு அவர்கள் எதிரிலேயே எழுதினாள். மகாராணி வெடிக்கவில்லை. கப்பலுக்கு ரகசியமாக வைத்த பெயரைக் கேட்கும் அவளிடம் கேப்டன், 'சொல்ல மாட்டேன்' என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறாள். அரக்கு நிற மகாராணி வெளிச்சத்தில் தனியாக நின்று, "என்ன பேரு? சாமி, என்ன பேரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

படித்துவிட்டுத் தமிழரசு போன் செய்தான். "என்னங்க இது? வில்லிய உயிரோட உட்டுட்டீங்க?"

"அவங்களுக்கு இனித் தூக்கம் வராது தமிழரசு. அது பத்தாதா?"

"சரி, அந்தப் பேருதான் என்னங்க? எங்கிட்டயாவது சொல்லுங்க."

"அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று வைத்துவிட்டாள்.

பாகம் வெளியான மறுநாள் காலை, பால் பொங்கி வரும் நேரத்தில் புதுச்சத்திரத்திலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் கோழிகள் நாற்பதாயிரமும் கத்திக்கொண்டிருந்தன.

"பாத்தேன் சாமி. அரக்கு நல்லாருக்குது. கேப்டன் புள்ள இப்பத்தான் மனுசி மாதிரி பேசறா. அது கெடக்கட்டும். ஒரே ஒரு எழுத்து மட்டும் சொல்லு. மிச்சத்த நானே கண்டுபுடிச்சுக்கறேன்."

மைதிலி அடுப்பை அணைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"'ர' வருமுங்க, நங்கை" என்றாள்.

அந்தப் பெயரில் 'ர' கிடையாது.