வைக்கோல் நிறம்

கை நடுங்க ஆரம்பித்த பிறகு பன்னீர்செல்வம் கார் ஷெட்டின் ஷட்டரைத் திறக்கவே இல்லை. அதற்குள் கார் இருந்ததில்லை. ஒரு பழைய லேத் இயந்திரம்தான் இருந்தது. கல்பாக்கத்தில் வேலை முடிந்து மாமல்லபுரத்து வீட்டுக்கு வந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். இரும்பைக் கடைவதற்கான உளிகளைக்கூட கடையில் வாங்காமல் தானே செய்துகொள்வார். இப்போது வலது கை மடியில் சும்மா கிடக்கும்போதே நடுங்கியது. நரம்புக் கோளாறு, மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், முழுக்கப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் மனைவி சங்கரி சாவியை எடுத்துக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கினாள். ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். துடைப்பதற்குத் தவிர அந்த லேத்தைத் தொட்டதில்லை. மேசையில் பாதி முடிந்த உளி ஒன்று கிடந்தது. வடிவம் வந்திருந்தது, இன்னும் சூட்டில் காட்டிப் பதம் ஏற்றவில்லை.

"இத முடிச்சுடலாம். நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல? கைய சுட்டுக்குவ."

"தெனம் அடுப்பாண்டதான நிக்கிறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூட்டின் நிறம் தெரிய இருட்டு வேண்டுமென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கச் சொன்னார். பக்கத்துத் தெருச் சிற்பக்கூடத்தில் சத்தம் ஓய்ந்திருந்தது. ஷட்டருக்கு அடியில் கடற்காற்று நுழைந்து அவள் புடவைக் கரையை அசைத்தது.

இடுக்கியில் பிடித்த உளி, கேஸ் டார்ச்சின் தீயில் கோவைப்பழம் போலச் சிவந்தது. "எண்ணெய்ல வுடு" என்றார். புகை எழுந்து அடங்கியது. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்கச் சொன்னார்.

"இப்ப இது கண்ணாடி மாரி ஒடையும். அடிப்பக்கத்துல மெதுவா சூடு காட்டு. வைக்கோல் நெறம் நுனிக்கு வந்தவுடனே தண்ணில போட்டுடு."

சங்கரி காட்டினாள். வெளுத்த உலோகத்தில் மெல்லிய மஞ்சள் பிறந்து நகர்ந்தது. அதன் பின்னால் பழுப்பு, கத்திரிப்பூ நிறம், அப்புறம் நீலம். எங்கிருந்து வருகின்றன இவை என்று பார்த்துக்கொண்டே நின்றாள். "போடு, போடு" என்று அவர் சொன்னது காதில் விழவில்லை. நுனி மயில்கழுத்து நிறமாகிவிட்டது.

"பூட்ச்சு. இது இனிமே இரும்ப வெட்டாது." குரலில் கோபமில்லை. "நானும் மொத தபா இப்பிடித்தான் பாத்துகினே நின்னுட்டேன்."

மறுபடி சிவக்க வைத்தாள். எண்ணெய், உப்புத்தாள், மெல்லிய சூடு. இந்த முறை மஞ்சள் நுனியைத் தொட்டதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே தண்ணீரில் அமிழ்த்தினாள். அவர் சிரித்தார்.

உளியைத் தீட்டி லேத்தில் பொருத்தி, மோட்டாரை ஓடவிட்டாள். அவர் இடது கையால் காட்டக் காட்ட, கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். சுழலும் அலுமினிய உருளையிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று அறுபடாமல் எழுந்து, அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வளைந்து கீழே இறங்கியது.

"அப்பிடியே போய்கினே இரு."

பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாள். தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். மடியில் வலது கை நடுங்காமல் கிடந்தது. தூக்கத்தில் அது அடங்கிவிடும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. இருட்டில் படுத்து இருட்டிலேயே எழுபவள், இதைக் கவனித்ததே இல்லை.

சத்தம் நின்றால் விழித்துவிடுவார். அவள் உளியை மட்டும் பின்னுக்கு இழுத்தாள். எதையும் வெட்டாமல் லேத் ஓடிக்கொண்டிருக்க, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.