வராந்தாவில் ஒரு பள்ளம்

ஓவிய டீச்சருக்கு வாரத்தில் இரண்டு பீரியடு. அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கேட்காமல் எடுத்துக்கொள்வார். மற்றொன்றைக் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். மரியாதை தெரிந்த மனிதர்.

அந்த வருடம் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். மேல்நிலை மாணவர்களின் சாதனைகள் என்று தலைப்பு. கணக்குக்கும் இயற்பியலுக்கும் இடம் போதாமல் எழுத்து ஓரம் வரை வழிந்திருந்தது. ஓவியத்துக்கு நேரே ஒரு கோடு.

"மூணு வருஷமா கோடுதான் டீச்சர். அதுவும் ஸ்கேல் வெச்சு நான் போட்டது. இந்த டெர்முக்குள்ள ஒரு சாதனை காட்டுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் ஓவிய வகுப்பு கிடையாது, உங்க ரூம்ல கணக்கு ஸ்பெஷல் கிளாஸ்."

"ஓவியத்துல சாதனைன்னா எப்படி சார் காட்டறது?"

"கண்ணுக்குத் தெரியற மாதிரி காட்டுங்க."

டீச்சரிடம் ஒரு மாணவி இருந்தாள். பதினோராம் வகுப்பு. எல்லோரும் 'சாயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடையின் நிறம் என்ன என்பதை அவளைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதானே டீச்சர்? பாத்துக்கலாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓவிய அறைக்கு முன்னால் வராந்தாத் தரையில் மண்டியிட்டு அவள் ஒரு பள்ளம் வரைந்தாள். பெயர்ந்த சிமென்ட், கீழே செங்கல் விளிம்பு, அதற்கும் கீழே மண், ஒரு வேர், அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். காலை பதினோரு மணிக்கு வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று நோட்டில் கணக்குப் போட்டு நிழலை அளந்து வைத்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு தவளை வந்து அந்தத் தண்ணீருக்குள் தாவி, அடிபட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் போனது. பியூன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தவளைக்குக் கண் மங்கல் என்று முடிவுகட்டினார்.

எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் படம் கோணல்மாணலாக இழுபட்டுத் தெரியும், குட்டு உடைந்துவிடும். ஆனால் எதிர்ப்பக்கம் போவதற்குப் பள்ளத்தைத் தாண்ட வேண்டுமே.

பத்து மணிக்குள் பியூன் நான்கு நாற்காலியைப் போட்டுக் கயிறு கட்டிவிட்டார். தலைமையாசிரியர் ஓடிவந்தார். "எப்ப உள்வாங்கிச்சு இது?"

"சார், இதுதான் நீங்க கேட்ட சாதனை. படம் சார் இது," என்றாள் டீச்சர்.

"பதட்டத்துல பேசாதீங்க டீச்சர். பின்னாடி வாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கயிற்றைத் தாண்டி நடுப்பள்ளத்தில் போய் நின்றாள். "பாருங்க, நிக்கறேன்."

வராந்தாவே அலறியது. "உள்ள ஏதோ திட்டு இருக்கு, அதுமேல நிக்கறாங்க. அசையாதீங்க அக்கா," என்று பியூன் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். கணக்கு வாத்தியார் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அவளை மேலே இழுத்துப் போட்டார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், கை கொடுத்தபோது அவளும் காலை உயரத் தூக்கி வைத்துத்தான் ஏறி வந்தாள்.

சாயம் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ?"

"நீ பேசாம இருடி."

இதற்குப் பிறகு ஓவிய அறைக்குப் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று ஆகிவிட்டது, வழியில் பள்ளம் இருக்கிறதல்லவா. இரண்டு பீரியடும் கேள்வியே இல்லாமல் கணக்கு வாத்தியாரிடம் போயின. அவருக்கும் அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு பிடிப்பு வந்திருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று நிழலின் நீளத்தை அளந்து, வெயிலின் கோணத்தை வைத்து ஆழத்தைக் கண்டுபிடித்தார். நாலடி இரண்டு அங்குலம். திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே நாலடி இரண்டு அங்குலம்.

"இவ்வளவு சுத்தமா விடை வர்ற பள்ளத்த நான் பாத்ததே இல்ல," என்று ஆசிரியர் அறையில் மனம்விட்டுச் சொன்னார். டீச்சர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி அதுதான்: நமது வராந்தாவில் உள்ள பள்ளத்தின் கன அளவைக் காண்க. முதல் வரிசைப் பையன் ஒருவன் தசமத்துக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை போட்டு, பள்ளியிலேயே முதலாவதாக வந்து, சாதனைப் படிவத்தில் ஏறினான். சாயம் 'பூஜ்யம்' என்று எழுதியிருந்தாள். வாத்தியார் அதைச் சுழித்துப் பக்கத்தில் தன் பூஜ்யத்தையும் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். கயிற்றுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். டீச்சர் முன்னால் போய், "ஐயா, அது பள்ளம் இல்ல, ஒரு பொண்ணு வரைஞ்ச படம்," என்றாள்.

"குறைய மறைக்க எல்லா ஸ்கூல்லயும் ஒரு கதை சொல்லுவாங்கம்மா. உங்களது புதுசா இருக்கு," என்றார் அவர். ஒரு வாரத்தில் பள்ளத்தை மூடவேண்டும் என்று உத்தரவு எழுதிவிட்டுப் போனார். டீச்சர் விடவில்லை. அவர் அலுவலகத்துக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டாள்.

கடிதத்துக்கு முன்னால் கொத்தனார் வந்துவிட்டார். ஒரு வண்டி ஜல்லி, சிமென்ட். ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. படத்தை உள்ளங்கையால் தடவினார். அந்தப் பள்ளியில் அதைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"ஐயா, இங்க பள்ளமே இல்லியே. யாரோ அருமையா வரைஞ்சிருக்காங்க."

"மூடச் சொல்லி ஆர்டர் வந்திருக்குப்பா," என்றார் தலைமையாசிரியர்.

"சரிங்க. எதுக்குள்ள கொட்டறது?"

"பள்ளத்துக்குள்ளதான்."

கொத்தனார் பக்கத்தில் நின்றிருந்த சாயத்தைத் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த கறையைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "என்ன பாப்பா பண்றது?"

"கொட்டுங்கண்ணே," என்றாள் அவள்.

டீச்சர் குறுக்கே போய் நின்றாள். மறுபடி திட்டின்மேல் ஏறிவிட்டாள் என்று பியூன் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரு வண்டியும் கொட்டி, பூசி, மெழுகி முடித்தபோது சமதரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு எழுந்து நின்றது. படிவத்தில் மராமத்துப் பகுதியில் 'பள்ளம் ஒன்று மூடப்பட்டது' என்று ஏறியது. ஓவியத்துக்கு நேரே தலைமையாசிரியர் ஸ்கேலை எடுத்தார்.

மறுநாள்தான் அதிகாரி அந்தக் கடிதத்தைப் படித்தார். நல்ல மனிதர். தப்பை உணர்ந்து நேரில் பாராட்டவே கிளம்பி வந்தார். வராந்தாவில் நின்று மேட்டைப் பார்த்தார். கண் கலங்கியது.

"அடடா, என்ன தத்ரூபம். போன தடவ குழி மாதிரி தெரிஞ்சுது, இன்னைக்கு மேடு மாதிரி தெரியுது. இந்தத் தடவ நான் ஏமாறமாட்டேன்," என்று கையை வீசிக்கொண்டு நேராக நடந்தார்.

கால் சுண்டுவிரல் பிசகிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"படத்துல தடுக்கி விழுந்தேன்னா பாத்துக்குங்க. வலி கூட அப்படியே நெஜம் மாதிரி இருக்கு. யாரு அந்தப் பொண்ணு?"

சாயத்தைத் தள்ளிவிட்டார்கள். "ஐயா, இது நான் போட்டதில்ல. கொத்தனார் அண்ணன் போட்டது. என்னோடது அடியில கெடக்கு."

"தன்னடக்கம்," என்றார் அதிகாரி. அதையும் சேர்த்து ஒரு சான்றிதழ் எழுதினார். படிவத்தை வாங்கி, பள்ளத்தை மூடியதாகச் சொன்ன வரியை அவரே அடித்துவிட்டு, ஓவியத்துக்கு நேரே 'மேடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓவிய வகுப்பு இன்னும் ஒரு வருடம் நடக்கும் என்று ஆனது.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயம் அந்தச் சான்றிதழைக் கையில் வாங்காமல் மேட்டின்மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு, அவளுடைய அரையாண்டு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் போனாள்.

"சார், அது படம்னு அதிகாரியே கையெழுத்துப் போட்டுட்டார். அப்போ கன அளவு பூஜ்யம்தானே? அந்த அஞ்சு மார்க்கப் போடுங்க."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நேர்மையான மனிதர்.

"விடை சரிதான் டீச்சர். ஆனா வழிமுறை எழுதலியே."

"வழிமுறை வராந்தாவுல இருந்துச்சு சார். மேல ஒரு வண்டி சிமென்ட் கெடக்கு."

அவர் தலையை ஆட்டினார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மணி அடித்தது.

"இப்ப உங்க பீரியடுதானே?" என்றார். "எடுத்துக்கலாமா?"