திருப்பிச் சொல்லு மேடம்

ஐம்பத்து மூன்று மணி நேரம். ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் பரிசோதனை முடிவு வந்தது. செவ்வாய் மாலை நான்கு மணிக்குத்தான் டீன் பெண்கள் விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில் மைக்கைக் கையில் எடுத்தாள்.

முடிவைப் போனில் சொன்னவள் நுண்ணுயிரியல் துறைத் தலைவி. இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"விடுதித் தொட்டித் தண்ணியில சாக்கடை கலந்திருக்குடி. குழாய் எங்கயோ உடைஞ்சிருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"எவ்வளவு மோசம்?"

"நம்பரை விடு. என் நாய்க்குக்கூட ஊத்த மாட்டேன்."

அவள் மாணவர் நலனுக்கான டீன். அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் பொதுச் சுகாதாரத் தொடர்பியல் பேராசிரியை. அதற்கும் முன்பு படஅட்டைகளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். அப்போது கற்ற ஒன்றை அவள் விட்டதே இல்லை. எதைச் சொன்னாலும், கேட்டவரைத் தன் வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்ல வைப்பாள். "நீங்க சொன்னது செய்தி இல்ல. அவங்க என்ன திருப்பிச் சொல்றாங்களோ அதுதான் செய்தி" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள். மாணவர்கள் அவளுக்குத் 'திருப்பிச் சொல்லு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

உடனே துணைவேந்தரை அழைத்தாள். திங்களும் செவ்வாயும் பல்கலைக்கழகத்துக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர் குரலில் அந்தப் பரபரப்பு தெரிந்தது.

"குளோரின் போட்டாச்சா?"

"போடச் சொல்லிட்டேன் சார். குழாய் உடைஞ்சிருந்தா அது போதாது. பொண்ணுங்ககிட்ட இப்பவே சொல்லணும். தண்ணி கேன் வரவழைக்கணும்."

"வாசல்ல கேனை அடுக்கி வெச்சா வர்றவங்க கண்ணுல படாதாம்மா? செவ்வாய் மூணரைக்குக் கிளம்பிடுவாங்க. அப்புறம் நீங்க தண்டோராவே போடுங்க. யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"இதுவரைக்கும் இல்ல சார்."

"அப்ப என்ன? வார்த்தையெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. இதமா ஒண்ணு எழுதி வைங்க."

"சரி சார்" என்றாள்.

அவர் மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மிரட்டியிருந்தால் பிற்பாடு சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த அழைப்பு அண்ணன் மகளுக்கு. அவள் அந்த விடுதியில்தான் தங்கிப் படித்தாள். அத்தை வீட்டில் இருந்தால் ஜெயில் என்று அவளே கேட்டு வாங்கிய இடம். டீனின் உறவு என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதால், வளாகத்துக்குள் 'மேடம்', வீட்டில் மட்டும் 'அத்தை' என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"மாமாவுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு நாள் வந்து கூட இரு."

"நாளைக்கு லேப் இருக்கே அத்தை."

"வீட்டிலேர்ந்து போய்க்கலாம். உடனே கிளம்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க நிக்காத."

ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் திரும்பினார்.

"எனக்கு எப்ப இடுப்பு பிடிச்சுது?"

"இப்பதான். இறங்குங்க."

ஏதோ கேலி சொல்ல வாய் திறந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். துணியை மடித்து வைத்துவிட்டுச் சோபாவில் படுத்தார்.

அண்ணன் மகள் வந்தபோது அவர் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். தண்ணீர் கொண்டுவந்து தந்தபோது வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாமா, வலி பக்கம் மாறுது?"

"நடமாடுற வலிம்மா. ஒரு இடத்துல உக்காராது."

டீன் அண்ணன் மகளின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மிச்சத்தைச் சமையலறை சிங்க்கில் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"அது காலையில பிடிச்ச தண்ணி அத்தை. சுத்தமாத்தான் இருக்கு."

"பாட்டில் அழுக்கு."

"சுண்டெலி பாத்திருந்தா சண்டைக்கே வந்திருப்பா." சுண்டெலி என்பவள் அவளுடைய அறைத்தோழி, சின்ன உருவம். "நிறையத் தண்ணி குடிங்கன்னு நீங்க காலேஜ் ரேடியோல சொன்னீங்கள்ல? அன்னிக்குப் பிடிச்சது பைத்தியம். குடம் குடமா உள்ள போகுது."

டீன் பாட்டிலை மறுபடி கழுவினாள். சுண்டெலியையும் வரச் சொல் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒருத்தியை அழைத்தால் அது குடும்ப விஷயம். இரண்டாவது ஆளை அழைத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மூடியை இறுக்கி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்தாள்.

திங்கள்கிழமை குழுவின் முன் அவள் பேசினாள். தலைப்பு, நெருக்கடி நேரத்தில் மக்களிடம் பேசுவது. பல ஆண்டுகளாக மாற்றாத முதல் படம் திரையில் விழுந்தது: 'முதலில் சொல். உண்மையைச் சொல்.' குழுத் தலைவர் குறித்துக்கொண்டார். துணைவேந்தர் தலையாட்டினார். தொண்டை வறண்டதும் மேசையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திருகினாள். முத்திரை உடையும் சத்தம் மைக்கில் கேட்டது. குடிக்காமல் வைத்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்று மாலை நான்கு பெண்கள் வாந்தி என்று வளாகக் கிளினிக்குக்கு வந்தார்கள். "வெளிய கண்டதைத் தின்னிருக்குங்க மேடம்" என்றாள் வார்டன். "நல்லாப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள் டீன்.

செவ்வாய் காலை அண்ணன் மகளின் போன் அடித்தது. கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"சுண்டெலிக்கு ராத்திரி பூரா வயித்தால போயிருக்கு. ட்ரிப்ஸ் ஏத்தறாங்களாம். கட்டில் இல்லாம பெஞ்சுல போட்டிருக்காங்க. எங்க மாடியிலயே ஏழெட்டுப் பேருக்காம் அத்தை."

"நீ இங்கயே இரு. நான் பாத்துக்கறேன்."

"அவளுக்கு அங்க யாரும் இல்ல."

பாட்டிலை நிரப்பப் போனவள் குழாயடியில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள்.

"இடுப்பு சரியாயிடுச்சா மாமா?"

அவர் பெட்டியோடு அப்படியே நின்றார். "சரியாயிடுச்சும்மா."

அவள் சிரிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றரைக்குக் குழுவின் கார்கள் வாசலைத் தாண்டின. நான்கு மணிக்குச் சாப்பாட்டுக்கூடம் நிறைந்திருந்தது. நீள மேசைகளில் வழக்கம்போலத் தண்ணீர் ஜக்குகள். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து அண்ணன் மகள் நின்றாள். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். தலைகூட வாரவில்லை.

டீன் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். அவளே எழுதி, துணைவேந்தர் சரிபார்த்தது.

"கோடைகாலத்தை முன்னிட்டு, முன்னெச்சரிக்கையாக, விடுதி மாணவிகள் அனைவரும் காய்ச்சி ஆறவைத்த நீரையே பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இதில் எந்தச் சொல்லையும் பொய் என்று காட்ட முடியாது. அப்படி எழுத அவளுக்குத் தெரியும்.

மைக்கைக் கீழே வைக்கப் போனாள்.

"மேடம், திருப்பிச் சொல்லச் சொல்லலையா?" என்று நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது. யாரோ தள்ளிவிட, முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"நான் சொல்றேன் மேடம். வெயில் காலம். அதனால சும்மா ஒரு ஜாக்கிரதைக்குக் காய்ச்சின தண்ணி குடிக்கச் சொல்றீங்க. முடியலேன்னா இதையே குடிக்கலாம். தண்ணியில ஒண்ணும் இல்ல." பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "கரெக்டா மேடம்?"

சொல்லிக்கொண்டே ஜக்கைச் சாய்த்து டம்ளரில் ஊற்றி எடுத்தாள்.

"குடிக்காத. கீழ வை."

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. குரல் சுவரில் மோதித் திரும்பியது. அந்தப் பெண் டம்ளரை வைத்த வேகத்தில் தண்ணீர் மேசையில் சிந்தியது. சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளருக்கு அருகில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

பின்சுவரிலிருந்து அண்ணன் மகள் கேட்டாள். உரக்கக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எப்பலேர்ந்து, அத்தை?"

தலைகள் அவள் பக்கம் திரும்பின. பிறகு மேடைப் பக்கம் திரும்பின.

டீன் காகிதத்தை மடித்தாள்.

"தண்ணியில சாக்கடை கலந்திருக்கு" என்றாள். "ஞாயித்துக்கிழமை காலையில பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். உங்க யார்கிட்டயும் சொல்லல. அங்க நிக்கிறா பாருங்க, என் அண்ணன் பொண்ணு. அவளை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டேன்."