காதர் பீவி வீட்டு முகடு

ஐப்பசி அடைமழையில் புங்கங்குளம் ஊரின் கண்மாய் விடியற்காலை உடைத்துக்கொண்டது. கரையைப் பிளந்து வந்த தண்ணீரில் கீழத்தெருவின் மண்வீடுகள் ஒவ்வொன்றாக இடுப்பொடிந்து உட்கார்ந்தன. காதர் பீவியின் புருஷன் சாகுல் ஹமீது ஆடுகளை அவிழ்த்துவிடப் போனவர். கயிறு கையில் சுற்றிக்கொண்டது. ஆடுகளோடு அவரையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

தண்ணீர் வடிந்த பிறகு திண்டுக்கல்லிலிருந்து முருகன் பஜனைக் கூட்டத்தார் மூங்கிலும் கிடுகும் ஏற்றிக்கொண்டு வடமதுரை ரோடு வழியாக வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். அப்போது சாகுல் ஹமீது கருவேலங்காட்டு முள்ளில் ஊதிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தார். நாற்றத்துக்குப் பயந்து ஊரார் தள்ளியே நின்றார்கள். கூட்டத்துக்குத் தலைவன் உடையப்பன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தான். அவன் மச்சினன் சுருளிவேல் பின்னாலேயே போனான். பிடித்த இடமெல்லாம் தோல் உரிந்து கையோடு வந்தது. சுருளிவேல் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான்.

"பெரியவர இப்படிக் கொண்டாரக் கூடாது மாப்ளே" என்று சொல்லி உடையப்பன் தன் வேட்டியை அவிழ்த்துப் பிரேதத்தைச் சுற்றினான். கோவணத்தோடு தோளில் சுமந்து வந்து பள்ளிவாசல் ஆட்களிடம் ஒப்படைத்தான். முள் கிழித்து ரத்தம் வடிந்த அவன் கைகளைக் காதர் பீவி பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்த வருசம் முருகனுக்கு நம்ம காவடி இதுதான்" என்றான் உடையப்பன். "தைப்பூசத்துக்குள்ள இந்தத் தெருவுல அம்புட்டு வீடும் எந்திரிச்சு நிக்கணும்." கூட்டம் அரோகரா போட்டது.

அந்தக் கைகளைச் சுருளிவேலுக்கு வேறு விதமாகவும் தெரியும். அவனுடைய அக்கா மூக்காயியைத்தான் உடையப்பன் கட்டியிருந்தான். முந்தின வருஷத் தீபாவளிக்குப் போனபோது அவள் உதடு கிழிந்திருந்தது. அடுப்படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். இன்னொரு தடவை ஒரு காது கேட்கவில்லை என்றாள். கேட்டுவிடுவது என்று கிளம்பியவனை அம்மா வாசலில் மறித்தாள். "அடிக்கிற கைதான்டா அணைக்கும். பேசாமக் கெட" என்றாள். பூட்டுப் பட்டறையில் உடையப்பன் சிபாரிசில்தான் அவனுக்கு வேலை. வெள்ளிக்கிழமை பஜனையில் மச்சான் குரலெடுத்தால் கேட்கிறவர்கள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த ஆளை எதிர்த்து யாரிடம் போய் என்ன சொல்வது? முழுங்கிக்கொண்டான்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. தெருவில் பாதி வீடுகள் எழும்பிவிட்டன. காதர் பீவி வீட்டுச் சுவருக்கு மேல்படை மண் அன்று காலையில்தான் வைத்திருந்தார்கள். ஈரச் சுவரின் மேல் பனங்கட்டையை முகடாக ஏற்றி, கட்டுவதற்கு முன்னால் சாப்பிட இறங்கினார்கள். புளியமரத்தடியில் கூட்டத்துப் பெண்கள் சமைத்திருந்தார்கள். மூக்காயிதான் பரிமாறினாள்.

"எனக்கு வெஞ்சனம் எங்க?" என்றான் உடையப்பன்.

"புள்ளத்தாச்சி ஒருத்தி வந்தா. இருந்ததப் போட்டுட்டேன்."

"நல்ல காரியம்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தான். வெஞ்சனம் இல்லாமல் வெறுஞ்சோற்றைத் தின்று கை கழுவினான். "செத்த இங்க வா" என்று அவளைச் சுவருக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

சுருளிவேல் குழியில் இறங்கி மண் மிதித்துக்கொண்டிருந்தபோது காதர் பீவி தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள். குடத்தை இறக்கவில்லை.

"அப்பு, ஒன் அக்காளப் போய்ப் பாரு. கொண்டையப் பிடிச்சு மூஞ்சிய ஈரச் சுவத்துல வச்சு அமுக்குறான். மூச்சுக்குத் தவிச்சு அவ காலு ரெண்டும் தரையப் பறண்டுது. விட்டான், மறுபடி அமுக்குனான். நான் கத்துனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சுவத்துல ஏறிட்டான்."

மூக்காயி வாய்க்கால் ஓரத்தில் குந்தி மூக்குக்குள் அடைத்த மண்ணைச் சிந்திக்கொண்டிருந்தாள். மண்ணோடு ரத்தமும் கட்டியாக வந்தது. இமைகள் மண் அப்பி ஒட்டிக்கிடந்தன.

"விடுடா சுருளி. ஆளுக இருக்காக" என்றாள்.

அவன் விடவில்லை. உடையப்பன் சுவர்மேல் குந்தியிருந்து, முகட்டைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். சுருளிவேல் அவன் கணுக்காலைப் பற்றி இழுத்தான். பாட்டு அறுந்தது. உடையப்பன் மல்லாக்க மண்குழியில் விழுந்தான். சுருளிவேல் அவன்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான். மூக்குத் தண்டு நெரிந்தது கைக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக முழுங்கியதெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்ததில், என்ன சொல்லிக் கத்துகிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

உடையப்பன் பலசாலி. புரட்டிப் போட்டு முழங்காலை மச்சினன் நெஞ்சில் ஊன்றினான். சேற்றுக்குள் தலையை அழுத்தினான். சுருளிவேல் அவன் கட்டைவிரலைக் கடித்தான், பிடி நழுவியதும் புரண்டு மறுபடி அவன்மேல் ஏறினான். அதற்குள் ஊர்க்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். தங்களுக்கு வீடு கட்டித் தருகிற புண்ணியவானைச் சேறு அப்பிய எவனோ கொல்லப்பார்க்கிறான் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. முன்னால் வந்தவன் ஒச்சப்பன், அதே தெருக்காரன். அவன் கையில் இருந்த மூங்கில் சுருளிவேலின் தோள்பட்டையில் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. அடுத்த அடி முதுகில், அதற்கடுத்தது காதோரம். பிறகு யார் மிதிக்கிறார்கள் என்று எண்ண முடியவில்லை.

உடையப்பன் எழுந்து கயிறு அறுக்க வைத்திருந்த அரிவாளை எடுத்தான். "நன்றி கெட்ட நாயே" என்று ஓங்கினான்.

மூக்காயி வந்ததை யாரும் பார்க்கவில்லை. மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவன் மணிக்கட்டில் அடித்தாள். பச்சைக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அரிவாள் கீழே விழுந்தது. தோளில் ஒன்று போட்டாள். அவன் மண்டியிட்டான். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கியபோது காதர் பீவி பாய்ந்து காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்த்தா. இவனுக்காக நீ தூக்குக்குப் போகாதே."

மிதித்தவர்கள் விலகி நின்றார்கள். மூக்காயியின் முகத்தை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நடந்ததைக் காதர் பீவி சொன்னாள். அவள் கை காட்டிய இடத்தில் சுவர் ஒரு முகம் அளவுக்குக் குழிந்திருந்தது.

ஒச்சப்பன் மூங்கிலைக் கீழே போடவில்லை. "பொண்டாட்டியக் கைநீட்டி அடிக்காத ஆம்பள எவன் இருக்கான்? அதுக்காக நமக்கு வீடு கட்ட வந்தவரப் போட்டு அடிக்கிறதா?"

"ஒன் மனுசன் பொணத்த முள்ளுக்குள்ள இருந்து தூக்குனது யாரு? மறந்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"மறக்கல. சாகுற மட்டும் மறக்க மாட்டேன்" என்றாள் காதர் பீவி. "ஆனா இந்தச் சுவத்துல வச்சு ஒரு பொம்பளைய மூச்சடக்கப் பாத்திருக்கான். அவன் கட்டுன முகட்டுக்குக் கீழ நான் எப்படிய்யா கண்ண மூடுவேன்?"

அரிவாளை எடுத்தாள். கவிழ்த்திருந்த மண்கூடைமேல் ஏறிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசிக் கயிறு அறுந்ததும் பனங்கட்டை உருண்டு, ஈரச் சுவரில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு ஒச்சப்பன் காலடியில் வந்து விழுந்தது. அவன் துள்ளி விலகினான்.

பஜனைக் கூட்டத்தார் உடையப்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனுக்கு மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. அவர்கள் கூட்டமாகத் திரும்பி வரவே இல்லை. கட்டாத வீடுகள் கட்டாமலே நின்றன. அந்த ஆத்திரத்தைக் கீழத்தெரு காதர் பீவிமேல் கொட்டியது. "ஒன்னாலதான் எங்க கூரையும் போச்சு" என்று முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். அவள் சாக்குப் படுதா கட்டி ஒதுங்கியிருந்த இடத்தில் ஒருநாள் கல் வந்து விழுந்தது. புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கே அவளோடு தங்கிவிட்ட மூக்காயி அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, "எறிஞ்சவன் வாடா" என்று நின்றாள். யாரும் வரவில்லை.

சுருளிவேலுக்குப் பட்டறை வேலை போய்விட்டது. கட்டுப்போட்ட தோளோடு மார்கழியில் புங்கங்குளத்துக்கு வந்தான். கூட்டத்திலிருந்து இரண்டு பேர் மட்டும் அவனோடு வந்தார்கள். நின்ற சுவரையும் மழை கரைத்திருந்ததால் அடியிலிருந்து வைக்க வேண்டியிருந்தது. ஒரு படை மண் வைத்துக் காயவிட்டு அடுத்த படை வைத்தார்கள். பழையபடி முகடு ஏற்றும் நாள் வந்தது. ஆள் போதவில்லை. கட்டையின் ஒரு முனை தரையை விட்டு எழும்பாமல் கிடந்தது.

ஒச்சப்பன் வந்து அந்த முனைக்குத் தோள் கொடுத்தான். கட்டை உயர்ந்தது.

"தோள் வலிக்குதா?" என்று கேட்டான், சுருளிவேல் பக்கம் பார்க்காமலே.

"வலிக்குது."

"நாந்தான் அடிச்சேன்."

"தெரியும். நேராப் பிடி."

மூக்காயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சுவரில் ஏறினாள். கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, கட்டையை வாங்க இரண்டு கையையும் கீழே நீட்டினாள்.