பச்சை ஃபியூஸ்

பெரம்பலூரில் கார்களுக்கு மின்வேலை பார்க்கும் செல்லமுத்து, அவசரப்படுத்தும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு கதை வைத்திருந்தார். திருடனைக் கண்டு குரைத்த நாயின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, இனிச் சத்தமில்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போனவனின் கதை அது. வயர் தாங்காதபோது முதலில் அறுந்து எச்சரிக்கும் ஃபியூஸ்தான் அந்த நாய் என்று முடிப்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, வேலை முடியும்வரை காத்திருப்பார்கள்.

நேற்று மாலை வெற்றிச்செல்வி வந்தபோது மட்டும் அந்தக் கதையை அவர் சொல்லவில்லை.

ஆம்னி வேனுக்குள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, அட்டைகளுக்கு லேமினேஷன் போட்டுக் கொடுப்பவள் அவள். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்கு பேட்டரியிலிருந்து போகும் வயரில் ஒரு பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. புதிதாக மாட்டினாலும் அது போய்க்கொண்டே இருந்தது.

“நாளைக்கு விக்கிரமங்கலத்துல ஆளுங்கள வரச் சொல்லிட்டேண்ணே. எப்புடியாவது ஓட வச்சுக் குடுத்துருங்க.”

பின்னிருக்கையில் புதிய லேமினேஷன் மெஷின் ஒன்று இருந்ததை அவர் கவனித்தார். சூடேறும் சாதனம், கம்ப்யூட்டரைவிடப் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். அதன் இன்வெர்ட்டரையும் அதே மெல்லிய வயரில்தான் கொடுத்திருந்தாள். தனியாகத் தடித்த வயர் போட வேண்டுமானால் இருக்கையைக் கழற்ற வேண்டும். வாசலில் வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அவர் நீல நிறப் பதினைந்தைப் பிடுங்கி, வயர் சூடேறினாலும் அறுந்துபோகாத பச்சை நிற முப்பது ஆம்பியரைச் செருகி, “போயிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டார்.

இரவு படுத்தபோது, ஒன்றும் ஆகாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

காலையில் அவளே போன் செய்தாள்.

“அண்ணே, மெஷினும் கம்ப்யூட்டரும் சேந்தாப்புல ஓடுது. வெள்ளிக்கெழமைல்ல, வண்டிக்குள்ள சாம்பிராணி போட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். வர்றவங்ககிட்டயெல்லாம் ஒங்க கடையத்தான் சொல்றேன்.”

மெஷினை நிறுத்து என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். அவர் நாக்கு, “சரிம்மா, நல்லது” என்றது. இணைப்பு அறுந்தது.

அதன் பிறகுதான் சாம்பிராணி அவர் நெஞ்சில் உறைத்தது. ஃபியூஸின் வாயைக் கட்டியாயிற்று. வயர் சூடேறினால் மிச்சமிருக்கும் ஒரே எச்சரிக்கை கருகும் வாசம். அதையும் அந்தப் புகை மறைத்துவிடும். திரும்பத் திரும்ப அழைத்தார். வேலையில் இருக்கும்போது அவள் போனின் சத்தத்தை நிறுத்திவிடுவது வழக்கம். கடையைச் சாத்தினார். வயர் சுருளைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

அரியலூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் வழி விடவில்லை. ஒவ்வொரு லாரியின் பின்னாலும் அந்த “சரிம்மா, நல்லது” அவர் காதில் கேட்டது.

விக்கிரமங்கலம் கடைத்தெருவில் வேனின் கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். உள்ளே சாம்பிராணிக் கிண்ணம் புகைந்தது. வெற்றிச்செல்வி பெரியவர் ஒருவருக்கு அட்டையை மெஷினில் விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?”

அவர் நேராகப் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். திரை அணைந்தது. தரைவிரிப்பை இழுத்தபோது அது வயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மேலுறை இளகி, ஓரிடத்தில் செம்பு தெரிந்தது. விரிப்பின் அடியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

“ஆத்தாடி, வண்டியே எரிஞ்சுருக்குமே” என்றார் பெரியவர். இளையபெருமாள் என்று அவர் அட்டையில் இருந்தது. “எங்கேருந்தோ ஓடியாந்து காப்பாத்திட்டாரு பாரும்மா.”

“எங்கண்ணன் கடையப் பத்திச் சொன்னேன்ல தாத்தா? இவருதான்.”

பேசாமல் இருந்தால் போதும், காப்பாற்றியவர் என்ற பெயர் அவருக்கே நிலைத்துவிடும். செல்லமுத்து கையிலிருந்த பச்சை ஃபியூஸைப் பார்த்தார்.

“காப்பாத்த வரலம்மா. இத வச்சதே நாந்தான். தப்புன்னு தெரிஞ்சேதான் வச்சேன். காலையில நீ போன் பண்ணப்பவும் வாயத் தொறக்கல.”

வெற்றிச்செல்வியின் முகம் மாறியது. வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு அந்தக் கறுப்புக் கோட்டை.

“முடியாதுன்னு சொல்லியிருந்தா நாளைக்கு வாங்கன்னு இவங்களத் திருப்பி அனுப்பியிருப்பேனே. என்னைய எரிய வுடப் பாத்தீங்களேண்ணே.”

அவர் குனிந்து வேலையைத் தொடங்கினார். பழைய வயரை முழுவதும் உருவிப் புதிதாகப் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே நீல நிறப் பதினைந்தை மாட்டினார்.

“இதுல கம்ப்யூட்டர் மட்டுந்தான். மெஷினுக்குத் தனியா தடிச்ச வயர் போடணும். ஓடுற சாமான் இழுக்கறதுக்கு மேல, வயர் தாங்கறதுக்குக் கீழ, அதுக்கு நடுவுலதான் ஃபியூஸ் இருக்கணும். அதுவரைக்கும் மெஷினத் தொடாத.”

அவள் மெஷினைத் தூக்கிப் பின்னிருக்கையில் வைத்தாள். திரை மறுபடி ஒளிர்ந்தது.

இளையபெருமாள் நெருங்கி வந்தார். “எம் பேரன் கார்லயும் லைட்டு மினுக்கு மினுக்குங்குது. கடை எங்கன்னு சொன்ன?”

வெற்றிச்செல்வி செல்லமுத்துவைப் பார்த்தாள்.

“கடையக் கேக்கறவங்ககிட்டயெல்லாம் மொதல்ல இன்னைக்கு நடந்ததச் சொல்லும்மா” என்றார் அவர், பையைத் தோளில் மாட்டியபடி. “அப்பறமும் கேட்டா, கடைப் பேரச் சொல்லு.”